நீலத் திரையும் பகல் தூக்கமும்

மதிவதனிக்கு அன்று காலையில் முதல் கோபம் சூரியன் மீது வந்தது.

சேரப்பணஞ்சேரியில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. எத்தனையோ ஜன்னல்கள் இருக்கின்றன. குறி பார்த்ததுபோல் அவர்கள் வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்து, தூங்குகிற அப்பாவின் கண்கள் மீதுதான் அது விழ வேண்டுமா?

அப்பா முனிரத்தினம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி அது. அந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட். ஊரெல்லாம் எழுந்து பல் விளக்கும்போது அவர் வீட்டுக்கு வந்து படுப்பார்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் அந்த வீட்டுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. டிவி ஊமையாகத்தான் ஓட வேண்டும். தம்பி இளம்பரிதிக்குத் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

பேச்சுக்குப் பதில் சைகை. பசித்தால் வயிற்றைத் தட்ட வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோக வேண்டும். சண்டை போட வேண்டுமென்றால் நாக்கை நீட்ட வேண்டும். மூன்றாவது சைகைதான் அதிகம் பயன்பட்டது.

வீட்டில் எல்லோரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள். சூரியன் மட்டும் கட்டுப்படவில்லை.

அதற்காகத்தான் அம்மா அம்சவல்லி போன ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் போய், கெட்டியான நீலத் திரை ஒன்று வாங்கி வந்தார். கடையில் ஜன்னல் அளவு தீர்ந்துபோயிருந்தது. கதவுக்குப் போடும் நீளத் திரைதான் கிடைத்தது.

"துணி ஒண்ணுதாம்மா. கட் பண்ணித் தச்சுக்கோங்க" என்று கடைக்காரர் சுலபமாகச் சொல்லிவிட்டார். வீட்டில் தையல் மெஷின் இல்லை என்பதை அவர் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை.

திரையை அப்படியே தொங்கவிட்டால் அது தரை வரை வந்து விரிந்து கிடந்தது. பரிதி அதில் கால் வைத்து இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். அதனால் அம்மா திரையின் கீழ்ப் பகுதியைச் சுருட்டிப் பெரிய முடிச்சாகப் போட்டு வைத்தார்.

முடிச்சுப் போட்டதும் திரை நடுவில் இடுப்புப் பிடித்ததுபோல் குறுகிவிட்டது. இரண்டு பக்கமும் இடைவெளி. ஒரு பக்க வெளிச்சம் அப்பாவின் கால் மீது விழுந்தது. மறுபக்க வெளிச்சம் நேராகக் கண் மீது.

அப்பா புரண்டு படுத்தார். வெளிச்சமும் கொஞ்ச நேரத்தில் நகர்ந்து அவரைத் தேடி வந்தது.

"இதெல்லாம் ஒரு திரையா?" என்று மதி பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், திரையைத் திட்டினாள்.

அவளுக்கு அன்று இவ்வளவு கோபம் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது.

காலையில் அம்மா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குக் கிளம்பி, பையோடு கேட் அருகே நின்றிருந்தார். அப்பா அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மதி பக்கத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, கண்ணு இப்படி செவந்து கிடக்குது?" என்றார் அம்மா.

"நேத்து பகல்ல தூக்கமே வரல அம்சா. ராத்திரி ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணு சொக்கிடுச்சு. அடுக்கி வெச்ச பெட்டியில போயி இடிச்சிட்டேன்."

அம்மாவின் கை தானாக அப்பாவின் தோளைப் பிடித்தது. "யாருக்காவது அடியா?"

"யாரும் இல்ல. பெட்டிதான் நசுங்கிச்சு. ஆனா பக்கத்துல ஆள் நின்னிருந்தா என்னாவறது? இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வண்டிச் சாவிய வாங்கிக்குவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அவரு சொல்றதும் நியாயம்தான்."

"சாயந்தரம் வந்து அந்தத் திரைய ஏதாவது பண்றேன். நீங்க சாப்பிட்டுப் படுங்க. இட்லி மூடி வெச்சிருக்கேன்."

தெருமுனையில் அம்மாவின் பஸ் ஹாரன் அடித்தது. அம்மா இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினார்.

சாயந்தரமா? மதி வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாள். அப்பா தூங்கப் போவது இப்போது. இன்று இரவு வண்டி ஓட்டப் போவதும் அவர்தான். சாயந்தரம் திரையைச் சரிசெய்து நிலாவையா மறைக்கப் போகிறார்கள்?

காலாண்டு விடுமுறை என்பதால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பரிதியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, மதி தெருமுனைத் தையல் கடைக்கு நடந்தாள்.

தையல்காரர் நெல்லையப்பன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரைக் கடைக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் ஜாக்கெட் துணிகள் மலைபோல் குவிந்திருந்தன. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று ஒருநாள் மட்டும் கம்பெனிப் பெண்கள் யூனிஃபார்மை விட்டுவிட்டுப் பட்டுப்புடவையில் வேலைக்குப் போவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பகுதியில் எந்தத் தையல்காரரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"அண்ணாச்சி, ஒரு ஜன்னல் திரைய நீளம் கம்மி பண்ணணும்."

"பூசை முடியட்டும் பிள்ள."

"இப்பவே வேணும் அண்ணாச்சி. ஒரே ஒரு தையல்தான்."

"ஒரே ஒரு தையல்னு சொல்லித்தான் இம்புட்டும் வந்து கிடக்கு" என்று அவர் துணி மலையைக் காட்டினார். "ஜன்னலுக்கு என்ன அவசரம்? அது என்ன பூசைக்குக் கம்பெனிக்கா போவுது? சரி, திரை எங்க?"

"ஜன்னல்லதான் இருக்கு. கழட்டினா அப்பா மேல வெயில் அடிக்கும். நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறாரு."

"அப்ப நான் மெசினத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரணுமாக்கும்." அவர் சிரித்தார். "உங்கம்மா வீட்ல சும்மாதான இருக்கும்? கையால தைக்கச் சொல்லு."

மதிக்குக் காது மடல் சூடானது.

"எங்கம்மா சும்மா இல்ல. கம்பெனில சர்க்யூட் போர்டு செக் பண்றாங்க. காலைல போனா சாயந்தரம்தான் வருவாங்க. அதுக்கப்புறம் சமைப்பாங்க, துவைப்பாங்க. எப்பவுமே சும்மா இல்ல."

நெல்லையப்பன் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"கோவப்படாத தாயி. தெரியாமச் சொல்லிட்டேன்."

"அப்ப நூலாவது குடுங்க. நீல நூல். நானே தைச்சுக்கறேன்."

நீல நூலுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. பாதிக் கம்பெனிகளின் யூனிஃபார்ம் நீலம்தான். ஒரு நூற்கண்டை எடுத்து, அதில் ஒரு ஊசியையும் குத்திக் கொடுத்தார். மதி வாங்கிக்கொண்டாள். கோபத்தில் நன்றி சொல்ல மறந்து, பாதி வழியில் நினைவு வந்து, திரும்பி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஒரு கையை மடித்துக் கண்களை மூடியபடி படுத்திருந்தார். தூக்கமா, தூங்க முயற்சியா என்று தெரியவில்லை.

மதி சுவரோரமாக நின்று யோசித்தாள்.

வெட்டலாமா? வேண்டாம். வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டில் ஜன்னல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வெட்டிய துணி திரும்ப வளராது. அப்படியே மேல்பக்கமாக மடித்துத் தைத்துவிட்டால்? வேண்டும்போது நூலைப் பிரித்துக்கொள்ளலாம். துணியும் இரட்டையாகிவிடும். வெயிலுக்கு ஒரு திரைக்குப் பதில் இரண்டு திரை.

அவளுக்கே அந்த யோசனை பிடித்துப்போயிற்று. பள்ளிப் பாவாடையின் ஓரம் பிரிந்தபோது அவளே தைத்திருக்கிறாள். அதே தையல்தான். இது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

ஆனால் திரையைக் கழற்றக் கூடாது. தொங்கிக்கொண்டிருக்கும்போதே தைக்க வேண்டும்.

அவள் சைகை காட்டிப் பரிதியைக் கூப்பிட்டாள். அவன் வயிற்றைத் தட்டினான். மதி நாக்கை நீட்டினாள். அப்புறம் ஒரு பிஸ்கட் கொடுத்து, அவனை ஜன்னல் மேடையில் ஏற்றி, திரைக்குப் பின்னால் உட்கார வைத்தாள்.

"கீழ இருக்கிற துணிய மேல தூக்கி, நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கோ" என்று காதில் கிசுகிசுத்தாள். "ஆடக் கூடாது."

முடிச்சை அவிழ்த்தாள். பரிதி துணியின் ஓரத்தை உள்பக்கமாகத் தூக்கிப் பிடித்தான். மதி முன்பக்கம் ஸ்டூலில் ஏறி நின்று, மடிப்பு நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டினாள். அறை இருட்டாகிவிட்டது. இவ்வளவு இருட்டை அந்த வீடு பகலில் பார்த்ததே இல்லை.

அப்பாவின் கை கண்ணிலிருந்து மெல்ல நழுவி விழுந்தது. மூச்சு சீரானது.

மதி தைக்கத் தொடங்கினாள். ஊசி எங்கே போகிறது என்று தெரியவில்லை. விரலால் தடவித் தடவித்தான் தைத்தாள். ஒரு குத்து, ஒரு இழு. ஒரு குத்து, ஒரு இழு.

"அக்கா, குத்துது" என்றது திரை.

"உஷ்ஷ். துணி கெட்டி, அப்படித்தான் இருக்கும்."

"துணி இல்லக்கா, நான்."

"எப்பப் பாரு ஏதாவது ஒண்ணு. பேசாம இரு. கொஞ்சம்தான் பாக்கி."

பரிதி பேசாமல் இருந்தான். மதி பாதித் திரையைத் தாண்டிவிட்டாள். அப்பாவிடமிருந்து மெல்லிய குறட்டை வரத் தொடங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கதவு இடிந்து விழுவதுபோல் சத்தம் கேட்டது.

"ஏ அம்சவல்லி, மோட்டார் போட்டாச்சு. பக்கெட்ட எடுத்துனு வா. அப்பால தண்ணி இல்லன்னு வந்து நிக்காத."

வீட்டு ஓனரம்மா சந்திரம்மாளின் குரல் அது. அந்த வரிசையில் இருந்த வீடுகள் எல்லாம் அவருடையவை. தினமும் தொட்டியில் தண்ணீர் ஏறியதும், ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவார்.

தண்ணீர் பிடிப்பது பரிதியின் வேலை. பழக்கதோஷத்தில் அவன் ஜன்னல் மேடையிலிருந்து குதித்தான்.

அவனோடு திரையும் குதித்தது.

மேலே ஸ்பிரிங் கம்பி கொக்கியிலிருந்து கழன்று 'டொய்ங்' என்று சுவரில் அடித்தது. கிளிப்புகள் நாலா பக்கமும் தெறித்தன. பரிதி கதவை நோக்கி ஓடினான். நீலத் திரை ராஜாவின் சால்வைபோல் அவனுக்குப் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. மதி திரையோடு சேர்த்து அவனுடைய சட்டையையும் தைத்திருந்தாள்.

வெயில் மொத்தமாக அப்பா மீது பாய்ந்தது.

அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். "பிரேக், பிரேக்" என்றார். அவர் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி மெத்தையை மிதித்தது.

அதைப் பார்த்த நொடியில் மதிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஸ்டூலிலிருந்து இறங்கி, கதவைத் திறந்து, வெளியே போய் நின்றாள்.

"ஆன்ட்டி, எதுக்கு இப்படித் தட்டுறீங்க? அப்பா தூங்குறாரு."

"மணி பத்தாவப் போவுது. இன்னுமா தூங்கிக்கினு கீறாரு?" சந்திரம்மாள் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். "பட்டப்பகல்ல ஆம்பள படுத்துக் கெடந்தா வூட்டுக்கு ஆவுமா?"

"எங்கப்பாவுக்கு இது ராத்திரி."

"இது ராத்திரியா?" ஓனரம்மா அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

"ஆமா. ராத்திரி பூரா வேலை செஞ்சிட்டு வந்திருக்காரு. உங்களுக்கு நடுராத்திரி எப்படியோ, அவருக்கு இப்ப அப்படி. நான் நடுராத்திரில வந்து, உங்க கதவத் தட்டி, பக்கெட்ட எடுத்துனு வாங்க ஆன்ட்டின்னு கத்தவா?"

"இன்னா வாய் பாரு இதுக்கு. வயசுல பெரியவ கிட்ட கத்துறியே."

"நான் கத்தல ஆன்ட்டி. நான் மெதுவாத்தான் பேசறேன். நீங்கதான் கத்துறீங்க."

அது உண்மைதான். மதி கோபத்தால் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் முழுக்க முழுக்கக் கிசுகிசுப்பில்தான் பேசிக்கொண்டிருந்தாள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவளுக்குச் சண்டைகூட அப்படித்தான் வரும்.

"மதி, உள்ள வாம்மா" என்று அப்பாவின் குரல் கேட்டது. "மன்னிச்சுக்கோங்கம்மா. சின்னப் பொண்ணு."

தூக்கம் போனது அப்பாவுக்கு. மன்னிப்புக் கேட்பதும் அப்பாவா? இது எந்த ஊர் நியாயம்? மதியின் கண்கள் நிறைந்தன.

சந்திரம்மாளும் விடவில்லை. "நான் இன்னா ஆசைக்கா தட்டுறேன்? தட்டாம போனா, சாயந்தரம் ஆளாளுக்கு வந்து குளிக்கத் தண்ணி இல்லன்னு என் உசுர வாங்குறீங்க. போன வாரம் கடைசி வூட்டு ஜெபகுமார் தூங்குறானேன்னு தட்டாம வுட்டேன், இன்னா சண்ட புடிச்சான் தெரியுமா? எழுப்புனா தப்பு, எழுப்பாட்டியும் தப்பு. நான் இன்னாதான் பண்ணுவேன்?"

மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓனரம்மா சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்வது அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"தூங்குறவங்க பக்கெட்ட வாசல்ல வெச்சிட்டுப் படுக்கட்டும்" என்றாள் மெதுவாக.

"வெச்சா?"

"வாசல்ல பக்கெட் இருந்தா, உள்ள ஆள் தூங்குதுன்னு அர்த்தம். தட்ட வேணாம். ஓஸ் பைப்ப இழுத்துப் பக்கெட்ல போட்டாப் போதும். லீவு இருக்கிற வரைக்கும் நானும் பரிதியும் பிடிச்சு வைக்கிறோம். ஜெபகுமார் அண்ணனுக்கும் சேத்து."

சந்திரம்மாளின் பார்வை அறைக்குள் போனது. மெத்தையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் சிவந்த கண்களைப் பார்த்தார். பிறகு பரிதியைப் பார்த்தார். தலை முதல் கால் வரை.

"இந்தப் புள்ள எதுக்கு ஜன்னல் துணியக் கட்டிக்கினு நிக்குது?"

"கட்டிக்கல ஆன்ட்டி. அக்கா தைச்சிட்டா" என்றான் பரிதி சோகமாக. "நான் அப்பவே குத்துதுன்னு சொன்னேன்."

ஓனரம்மாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அப்பா துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். துண்டு மெல்லியது. அதற்குள்ளும் வெயில் புகுந்தது.

மதி வாசலில் உட்கார்ந்து, பரிதியின் சட்டையிலிருந்து நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். இருட்டில் தைத்தாலும் தையல் உறுதியாகத்தான் இருந்தது. அதற்காக இப்போது பெருமைப்பட முடியவில்லை.

"பட்டனையும் சேத்துத் தச்சிருக்க" என்றான் பரிதி.

"சும்மா இரு."

"காலைலருந்து அதையேதான் சொல்ற. நான் சும்மா இருந்ததாலதான் இப்படி ஆச்சு. இனிமே குத்துச்சுன்னா கத்துவேன்."

"சரிடா. கத்து. அடுத்த வாரம்."

திடீரென்று அவர்கள் மீது நிழல் விழுந்தது. சந்திரம்மாள் பெரிய ஜமுக்காளம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த கொடிக் கம்பியில் அதை விரித்துப் போட்டார். ஜன்னல் முழுக்க மறைந்தது. உள்ளே இருட்டியது.

"துணி காயப் போடறேன்" என்றார் முறைப்பாக. "உங்கப்பாவுக்காக ஒண்ணும் போடல."

மதி ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டு ஈரம் இல்லை.

"காயறதுக்கு ரொம்ப நேரம் ஆகும்ல ஆன்ட்டி?"

"ஆவும், ஆவும்" என்றார் சந்திரம்மாள். இந்தத் தடவை அவரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

வாசலில் வெளிச்சம் தாராளமாக இருந்தது. மதி திரையைத் தரையில் விரித்து, மறுபடியும் மடித்தாள். மடிப்பு படியவில்லை. இஸ்திரிப் பெட்டியை அவள் தொடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அது எல்லா ஷிஃப்ட் வாரத்துக்கும் பொருந்தும்.

"பரிதி, மடிப்பு மேல உட்காரு."

"நான் என்ன இஸ்திரிப் பெட்டியா?"

"பிஸ்கட் தர்றேன்."

பரிதி உட்கார்ந்தான். மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேய்த்துக்கொண்டே நகர்ந்தான். மதி அவனுக்குப் பின்னாலேயே தைத்துக்கொண்டு வந்தாள். சின்னச் சின்னத் தையலாகப் போட்டாள். முன்பக்கம் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியால் கொத்தி எடுத்தால் தையல் வெளியே தெரியவில்லை என்று கண்டுபிடித்தாள். நடுவில் ஓஸ் குழாயைப் பிடித்து மூன்று வீட்டுப் பக்கெட்டுகளை நிரப்பினார்கள். ஒரு கதவும் தட்டப்படவில்லை.

மதியம் கடந்தபோது தையல் முடிந்தது. இருவரும் பூனைபோல் உள்ளே போய்த் திரையை மாட்டினார்கள். மடித்த துணி இரட்டையாக, கனமாக, நேராகத் தொங்கியது. காற்று வந்தும் ஆடவில்லை. இரண்டு பக்கமும் இடைவெளி இல்லை. சந்திரம்மாள் வெளியே வந்து ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு போனார். உள்ளே இருட்டு அப்படியே இருந்தது.

அப்பா ஒரு தடவைகூடப் புரளவில்லை.

சாயந்தரம் அம்மா வந்தபோது அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அருகே போய்த் தையலைத் தடவினார்.

"யாரு தைச்சது?"

மதி தன்னைக் காட்டினாள். பரிதி தன் சட்டையில் இருந்த ஊசி ஓட்டைகளைக் காட்டினான்.

"வலப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கே" என்று அம்மா முணுமுணுத்தார்.

மதிக்குச் சுர்ரென்று வந்தது. காலையிலிருந்து சூரியனோடு, தையல்காரரோடு, ஓனரம்மாவோடு சண்டை போட்டு, விரலில் ஏழெட்டு இடத்தில் குத்து வாங்கித் தைத்திருக்கிறாள். வலப்பக்கம் இறங்கியிருக்கிறதாம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கம்பெனிப் பஸ்ஸின் தூசியும் வியர்வையும் கலந்த அம்மா வாசனை. அம்மா மதியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மதிக்குக் கோபத்தைத் தொடர முடியவில்லை.

அப்பா அன்று இரவு வேலைக்குக் கிளம்பும்போது விசில் அடித்துக்கொண்டே சட்டை மாட்டினார்.

மறுநாள் காலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, மதி கேட்டிலேயே நின்றிருந்தாள். அம்மாவும் பையோடு நின்றிருந்தார்.

"எப்படிப்பா?" என்றாள் மதி.

"ஒரு பெட்டி நசுங்கல. சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தாரு. கடைசில, முனிரத்தினம், நாளைக்கும் இப்படியே ஓட்டுன்னு சொல்லிட்டுப் போனாரு."

அம்மா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் பஸ் ஹாரன் கேட்டு ஓடினார். இன்று திரும்பிப் பார்த்தபோது சிரித்தார்.

அப்பா சாப்பிட்டார். பக்கெட்டை எடுத்து வாசலில் வைத்தார். நீல இருட்டில் படுத்தார். "மதி, இந்தத் திரை இருக்கே..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அதற்குள் தூங்கிவிட்டார்.

மதி சுவரோரமாக உட்கார்ந்து, ஓசையில்லாமல் புத்தகத்தைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு குரல் கிளம்பியது. ஒரகடம் கூட்டு ரோடு வரை கேட்டிருக்கும்.

"ஏ கீரக்காரரே, இன்னாத்துக்கு இப்படிக் கத்துற? வாசல்ல பக்கெட் கீது, கண்ணு தெரியல? உள்ள மனுஷன் தூங்கிக்கினு கீறாரு. மெதுவாப் பேசுய்யா, மெதுவா."

சந்திரம்மாள்தான். கீரைக்காரர் சத்தமே காதில் விழவில்லை. அவரை அடக்கும் சத்தம்தான் ஜன்னலை அதிர வைத்தது.

மதி புத்தகத்தை மூடிவிட்டுக் கோபமாக எழுந்தாள். கதவு வரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்பா விழித்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

அப்பா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, குறட்டை விட்டார்.

மதி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.